பாறைச் சுவரும் ஒளித்திரையும்: மாத்தளையின் உருவச்சித்திர மரபும் இன்றைய ஓவிய மாணவனும்

கதையைக் கேட்பதற்கு முன்னரே அதில் வரும் மாந்தரை இன்னாரென உணர்த்திவிடும் ஓவியங்கள் உண்டு. கோயிற் சுவரில், நூலின் முகப்பில், திரைப்படச் சுவரொட்டியில், தொடர்கதையின் முதற் பக்கத்தில் இவ்வகை ஓவியங்களை நாம் கண்டு வந்திருக்கிறோம். இன்று கணினி விளையாட்டுகளில் ஒவ்வொரு பாத்திரத்தையும் அறிமுகஞ் செய்வதற்கு முழுத்திரையில் தீட்டப்படும் ஓவியத்தை ‘ஸ்பிளாஷ் ஆர்ட்’ என வழங்குகின்றனர். தமிழில் இதனைப் பாத்திர முகப்போவியம் எனலாம். எண்ணிம ஓவியம் பயிலும் மாணவர் பலர் இத்துறையில் தேர்ச்சிபெற விழைகின்றனர். ஆயினும், இது நேற்று அயல்நாட்டிற் பிறந்த கலை எனவும், நம் மண்ணின் ஓவிய மரபுக்கும் இதற்கும் தொடர்பில்லை எனவும் கருதும் போக்கு அவர்களிடையே காணப்படுகின்றது. இக்கருத்து எத்துணை பொருத்தமுடையது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆய்வின் களமாக மாத்தளை மாவட்டம் கொள்ளப்படுகின்றது. இம்மாவட்டத்தின் கிழக்கே, நக்கிள்ஸ் மலைத்தொடரின் சரிவில், லக்கல – பல்லேகமப் பிரிவு அமைந்துள்ளது. களு கங்கை நீர்த்தேக்கத்தின் பொருட்டுப் பழைய லக்கல நகர் கைவிடப்பட்டு, 2018ஆம் ஆண்டில் புதிய நகர் திறக்கப்பட்டது. பல்லேகமவிலே வரைபலகையும் மின்னெழுதுகோலும் கொண்டு தன் முதற் பாத்திரத்தை வரையத் தொடங்கும் மாணவன் ஒருவனைக் கற்பனை செய்துகொள்வோம். அவன் முன்மாதிரிகளைத் தேடி அயல்நாட்டுப் படங்களையே நாடுவான். ஆனால், அவன் வாழும் மாவட்டத்தினுள்ளேயே சிகிரியாவும் தம்புள்ளையும் உள்ளன. உருவச்சித்திரம் பற்றிய அடிப்படை வினாக்கள் இரண்டும் அவ்விரு பாறைகளிலே நெடுங்காலத்துக்கு முன்னர் எழுப்பப்பட்டுள்ளன.

பெயரில்லா மகளிர்

சிகிரியாக் குன்று காசியப்ப மன்னனின் தலைநகராக விளங்கியது. அவன் ஆட்சிக்காலம் கி.பி. 477 முதல் 495 வரையாகும். குன்றின் மேற்குப் புறத்தே, செங்குத்தான பாறையின் குடைவில், மகளிர் உருவங்கள் சில எஞ்சியுள்ளன. முன்னாளில் அவை ஐந்நூறளவிற் காணப்பட்டன என்பது, அங்கு வந்தோர் எழுதிவைத்த பாடல்களால் அறியப்படுகின்றது. இன்று எஞ்சியவை ஏறத்தாழ இருபதேயாம். இடைக்குக் கீழே முகில் மறைக்க, மலரேந்திய கையினராய் அம்மகளிர் தோன்றுகின்றனர். செம்மை, மஞ்சள், பச்சை, கருமை ஆகிய வண்ணங்களே பெரிதும் கையாளப்பட்டுள்ளன.

அவர்கள் யாவர் என்னும் வினாவுக்கு அறிஞரிடையே ஒருமித்த விடையில்லை. அரண்மனை மகளிர் தம் தோழியரோடு பிதுரங்கலை விகாரைக்கு மலர்கொண்டு செல்லும் காட்சி இதுவெனத் தொல்பொருள் ஆணையாளராயிருந்த எச்.சி.பி. பெல் கருதினார். ஆனந்த குமாரசுவாமி அவர்களை வானுலக அரம்பையராகக் கொண்டார். பேராசிரியர் செனரத் பரணவிதானவோ பொன்னிற மகளிர் மின்னலையும் கருநிற மகளிர் முகிலையும் குறிப்பர் என விளக்கினார். மூவரும் கண்டவை ஒரே உருவங்களே. கூறிய பொருள்கள் மூன்று. அணியும் ஒயிலும் முகவழகும் குறைவற அமைந்த நிலையிலும், பெயரும் கதையும் இழந்த உருவம் இன்னாரெனத் துணியப்படாது நிற்றலை இங்குக் காண்கிறோம். அழகு ஒன்றே பாத்திரமாகிவிடாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

எனினும், அவ்வுருவங்கள் காண்போரைப் பேசத் தூண்டின. கண்ணாடிச் சுவர் எனப்படும் மெருகேற்றிய மதிலிலே, பெரும்பாலும் கி.பி. 8ஆம் நூற்றாண்டு முதல் 10ஆம் நூற்றாண்டு வரை அங்கு வந்தோர் தம் பாடல்களைக் கீறிச் சென்றனர். அவற்றுள் 685 பாடல்களைப் பரணவிதான ஆராய்ந்து 1956ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். உருவத்தைக் கண்டவர் அதனோடு உரையாட முற்படுவதே உருவச்சித்திரத்தின் வெற்றி எனில், அவ்வெற்றியைச் சிகிரியா ஓவியர் பெயரறியப்படாமலே பெற்றனர்.

மாணவர் கருதத்தக்க பிறிதொரு செய்தியும் உண்டு. சில உருவங்களிலே கை முதலில் ஒரு நிலையில் வரையப்பட்டுப் பின்னர் மாற்றப்பட்டுள்ளது. முதலில் இட்ட கோடு இன்றும் புலப்படுகின்றது. திருத்தம் என்பது குறைபாட்டின் அடையாளமன்று; ஓவியன் சிந்தித்தான் என்பதற்கு அது சான்றாகும். கணினியில் ஒரு விசையை அழுத்தி முந்திய கோட்டை முற்றாக நீக்கும் மாணவன், தான் ஏன் அதனை நீக்கினான் என்பதையும் உடன் மறந்துவிடுகின்றான்.

பெயர் பெற்ற மாந்தர்

தம்புள்ளைக் குகைகளில் நிலைமை வேறு. கி.மு. முதலாம் நூற்றாண்டில் வலகம்பா மன்னனோடு தொடர்புபடுத்தப்படும் இவ்விகாரை, 18ஆம் நூற்றாண்டில் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் காலத்திலே பெரிதும் புதுப்பிக்கப்பட்டது. 1747 முதல் 1782 வரை கண்டியை ஆண்ட அவன், மதுரைத் தொடர்புடைய நாயக்க மரபினன். அவனது உருவச்சிலையை அங்குள்ள மூன்றாம் குகையில் இன்றும் காணலாம். ஏறத்தாழ 2,100 சதுர மீற்றர் பரப்பில் ஓவியங்கள் அக்குகைகளை அணிசெய்கின்றன. 1982ஆம் ஆண்டில் சிகிரியாவும் 1991ஆம் ஆண்டில் தம்புள்ளையும் உலக மரபுரிமைக் களங்களாக ஏற்கப்பட்டன.

கண்டிக்கால ஓவியம் கதை கூறும் ஓவியமாகும். செந்நிறப் பின்னணியில், ஒளிநிழல் வேறுபாடின்றி, தெளிந்த புறக்கோட்டினால் உருவங்கள் அமைக்கப்படும். ஒருவன் அரசனா, அமைச்சனா, துறவியா, வேடனா என்பதை முடி, உடை, நிறம், நிற்கும் நிலை ஆகியன உணர்த்தும். பல விகாரைகளிலே ஓவியத்தின் கீழ்ப் பட்டியில் இன்னார் இது செய்கின்றார் என எழுத்தாலும் குறிக்கப்படும். சிகிரியாவில் விடைபெறாத ‘யார்?’ என்னும் வினாவுக்கு இங்கே ஒவ்வொரு அடியிலும் விடை தரப்படுகின்றது. அதனோடு ‘என் செய்கின்றார்?’ என்னும் இரண்டாம் வினாவும் இணைந்துகொள்கின்றது.

தம்புள்ளையின் இரண்டாம் குகையில் மாரனின் படை புத்தரைச் சூழும் காட்சி தீட்டப்பட்டுள்ளது. அச்சந்தரும் உருவங்களை ஒன்றினின்று ஒன்று வேறுபடுத்திக் காட்டுதல் இன்றைய விளையாட்டோவியர் எதிர்கொள்ளும் பணியே. நடுவே அசைவற்றிருக்கும் உருவத்தை நோக்கிச் சுற்றிலும் உள்ள அசைவு அனைத்தும் திரண்டு வருவதனால், காண்போர் கண் தானாகவே நடுவிடத்தை அடைகின்றது. பார்வையை ஒருமுகப்படுத்துதல் என இன்று ஓவிய வகுப்புகளிற் கற்பிக்கப்படும் பாடம் இதுவன்றி வேறில்லை.

அதே குகையில் துட்டகைமுனுவும் எல்லாளனும் யானைமீதிருந்து பொரும் காட்சியும் உண்டு. தமிழ் மாணவர் சிறப்பாக ஊன்றி நோக்கவேண்டிய ஓவியம் இது. மகாவம்சம் வெற்றியாளனின் பக்கம் நின்று எழுதப்பட்ட நூல். எனினும், எல்லாளன் 44 ஆண்டுகள் அநுராதபுரத்திலிருந்து ஆண்டான் எனவும், வழக்குகளில் நண்பரென்றும் பகைவரென்றும் பாராது நீதி செலுத்தினான் எனவும் அந்நூலே கூறுகின்றது. போரில் வீழ்ந்த அவனுக்குத் துட்டகைமுனு நினைவுச் சின்னம் எழுப்பி வழிபாடு செய்வித்தான் எனவும் அது குறிக்கின்றது. இருவரும் ஏறிய யானைகளின் பெயர்களும் அதிற் காணப்படுகின்றன: துட்டகைமுனுவினது கண்டுல, எல்லாளனது மகாபப்பத. எதிரியை வெறுங் கொடியவனாகக் காட்டாது, ஒத்த நிலையிலுள்ள மன்னனாகக் கருதும் மனப்பாங்கு அவ்வரலாற்றில் உள்ளது. அவனை வரையும் ஓவியன் இதனை அறிந்திருத்தல் வேண்டும்.

பயிற்சி முறை

கண்டி மரபின் ஓவியர் பெரும்பாலும் பரம்பரைத் தொழிலினர். தம்புள்ளையை அடுத்த நீலகமவைச் சேர்ந்த ஓவியர் குடும்பத்தினர் இத்துறையிற் புகழ்பெற்றவர். இத்தகைய கைவினைஞரின் தொழில்முறைகளை நேரிற் கண்டு எழுதியவர் ஆனந்த குமாரசுவாமி. 1877ஆம் ஆண்டில் கொழும்பிலே தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் பிறந்த அவர், இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுப் பணிப்பாளராகப் பல ஊர்களிலும் பயணஞ் செய்தவர். 1908ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூல், இம்மரபின் முதன்மைச் சான்றாக இன்றும் திகழ்கின்றது.

அவ்வோவியர் சாதிலிங்கத்தினாற் செந்நிறமும் அரிதாரத்தினால் மஞ்சள் நிறமும் வெண்களிமண்ணினால் வெண்ணிறமும் பெற்றனர். அணிலின் மயிராலும் ஒருவகைப் புல்லினாலும் தூரிகை செய்துகொண்டனர். ஆனால், கருவியினும் முதன்மை பெற்றது அளவையறிவு. சாரிபுத்திரம், ரூபாவலிய ஆகிய நூல்கள் உருவங்களின் அளவையும் இலக்கணத்தையும் கூறின. தமிழகச் சிற்பியரும் முகத்தின் நீளத்தைத் தாளம் எனக் கொண்டு, உத்தம தசதாளத்தில் உருவத்தின் உயரத்தை 124 கூறுகளாக வகுத்தனர். தெய்வம், மனிதன், பூதம் என்போருக்கு வெவ்வேறு தாளங்கள் விதிக்கப்பட்டன. ஆகவே, அளவு என்பது உடலின் அளவு மாத்திரமன்று. பாத்திரத்தின் தகுதியையும் அது குறித்தது. இன்று மெலிந்த நெடிய உருவம் ஒரு பண்பையும் அகன்ற குறுகிய உருவம் பிறிதொரு பண்பையும் உணர்த்தும் எனப் பாத்திர வடிவமைப்பு ஆசிரியர் கற்பிப்பது இவ்வறிவின் வேறொரு வடிவமே.

திருவுருவத்தின் கண்களை இறுதியில் எழுதும் வழக்கமும் ஈண்டு நினைக்கத்தக்கது. நேத்திர மங்கலம் என அது சடங்காகவே நிகழ்த்தப்பட்டது. தமிழகத்துச் சிற்ப மரபில் கண் திறத்தல் என்பதும் அதுவே. கண் எழுதப்படும் வரை அது கல்லும் சுதையுமே. எழுதிய பின்னர் அது ஓர் ஆளாகின்றது. கணினித் திரையில் வரையும் மாணவனும் முகத்திலே கண்ணின் நோக்கு அமைந்த பின்னரே தன் பாத்திரம் உயிர்பெற்றதென உணர்வான்.

படியெடுத்தலும் பழுதடைதலும்

மரபைப் பேணியோருள் படியெடுத்தோர்க்குச் சிறப்பான இடமுண்டு. 1889ஆம் ஆண்டில் பொதுவேலைப் பகுதியைச் சேர்ந்த அலிக் மறே சிகிரியாக் குடைவை அடைந்து உருவங்களைப் படியெடுத்தார். 1896, 1897ஆம் ஆண்டுகளில் டி.ஏ.எல். பெரேரா அவற்றை எண்ணெய் வண்ணத்திற் படிவமாக்கினார். பின்னர் எல்.ரீ.பி. மஞ்சுசிறி நாடெங்கும் விகாரைகளிற் சென்று சுவரோவியங்களைப் படியெடுப்பதிலே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டார். அவர் திரட்டிய அலங்கார வடிவங்கள் 1977ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தன.

இவர்களது உழைப்பின் அருமை 1967ஆம் ஆண்டில் நன்கு உணரப்பட்டது. அவ்வாண்டு ஒக்டோபரில் சிகிரியா உருவங்கள் சிலவற்றின்மீது விஷமிகள் பச்சை வண்ணத்தைப் பூசிச் சிதைத்தனர். இத்தாலிய நிபுணர் லூசியானோ மரன்சியின் உதவியோடு அவை மீட்கப்பட்டன. பாறையிலுள்ளதும் அழியக்கூடும் என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்தியது. படியெடுத்தல் மாணவனுக்குக் கைப்பயிற்சி மாத்திரமன்று. தன் மரபின் நினைவைத் தன் கையில் ஏற்றுக்கொள்ளும் செயலுமாகும்.

அச்சில் தோன்றிய மாந்தர்

அச்சுக்கலை உருவச்சித்திரத்தை வீடுகளுக்குள் கொணர்ந்தது. இராஜா ரவிவர்மா 1894ஆம் ஆண்டில் பம்பாயிலே நிறுவிய கல்லச்சுக்கூடத்திலிருந்து தெய்வங்களும் புராண மாந்தரும் வண்ணப் படங்களாகப் பரவினர். அவ்வோவியங்களில் நாடகப்பாங்கு மிகுந்தும் அகவுணர்வு குறைந்தும் உள்ளன எனக் குமாரசுவாமி கண்டித்தார். ஆனால், சரசுவதி என்றவுடன் பலர் மனக்கண்ணில் தோன்றும் உருவம் ரவிவர்மா தந்ததே என்பதும் மறுக்கவொண்ணாதது. இவ்விரண்டும் உண்மையாயிருத்தல் கூடும். புறமெருகு மக்களைக் கவரும். ஆயின் மெருகு ஒன்றையே முயன்றடைந்தவன் பாத்திரத்தை அடைந்துவிட்டான் என்று கூறுதல் இயலாது.

அமெரிக்காவில் வில் ஐஸ்னர் 1940ஆம் ஆண்டு முதல் ‘த ஸ்பிரிட்’ என்னும் சித்திரக்கதையை வரைந்தார். அதன் முதற் பக்கம் முழுவதையும் ஒரே படமாக்கி, கதையின் பெயரையும் காட்சியின் உறுப்பாக அமைத்தார். ஸ்பிளாஷ் எனும் சொல் இத்தகைய சித்திரக்கதை முகப்புப் பக்கங்களுக்கு வழங்கியதாகும். ஏறத்தாழ அதே காலத்தில் தமிழிலும் ஒத்த பணி நிகழ்ந்தது. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை தொடராக வெளிவந்தபோது மணியம் அதற்குச் சித்திரம் வரைந்தார். வந்தியத்தேவனையும் நந்தினியையும் வாசகர் வாரந்தோறும் எழுத்தில் அறிந்ததோடு அவரது கோட்டிலும் அறிந்தனர். பின்வந்த ஓவியர்கள் அம்மாந்தரைத் தம் போக்கில் வரைந்தபோதெல்லாம் வாசகர் அவற்றை மணியத்தின் உருவங்களோடு ஒப்பிட்டு நோக்கினர். அப்புதினத்தின் இரண்டாம் பாகத்தில் கதைமாந்தர் தம்பள்ளைக்கு வருகின்றனர். அது நாம் மேலே கண்ட தம்புள்ளையே. தமிழ்ப் புனைகதையின் புகழ்பெற்ற மாந்தர் மாத்தளை மண்ணிலும் கால் பதித்தவர் என்பதைப் பல்லேகம மாணவனுக்கு நாம் நினைவூட்டலாம்.

ஒளித்திரை

1990ஆம் ஆண்டில் போட்டோஷொப் மென்பொருள் வெளிவந்தது. அதன் பின்னர் ஓவியத்தைத் தனித்தனி அடுக்குகளாகத் தீட்டுதலும், ஒன்றைப் பழுதாக்காது மற்றொன்றைத் திருத்துதலும் எளிதாயின. கிரிட்டா போன்ற மென்பொருள்கள் விலையின்றியே கிடைப்பதால், நகரக் கலைக்கூடங்களுக்குச் செல்லவியலாத மாணவனும் பயிற்சியைத் தொடங்கலாம். 2009ஆம் ஆண்டில் வெளிவந்த ‘லீக் ஒவ் லெஜென்ட்ஸ்’ போன்ற விளையாட்டுகள், ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனி முகப்போவியம் அமைத்து இவ்வகையை உலகறியச் செய்தன.

தொழில்முறை ஓவியர் பின்பற்றும் படிமுறை குறிப்பிடத்தக்கது. முதலிற் பாத்திரத்தின் கதையை வாசிப்பர். பின்னர்ச் சிறு சிறு கட்டங்களிற் பல அமைப்புகளை விரைந்து வரைந்து பார்ப்பர். உருவத்தைக் கருநிழலாக்கி, நிழலை மட்டும் கண்டே இன்னாரென அறியவியலுமா எனச் சோதிப்பர். அதன் பின்னர் ஒளி, இருள் ஆகியவற்றின் பகுப்பையும், வண்ணத்தையும், இறுதியாக நுண்மெருகையும் சேர்ப்பர். மாணவர் பெரும்பாலும் செய்யும் தவறு இப்படிமுறையைத் தலைகீழாக்குவதாகும். கவசத்தின் பளபளப்பையும் தலைமயிரின் இழைகளையும் பல நாட்கள் தீட்டிய பின்னர், தாம் வரைந்த வீரன் யாரென வினவினால் விடையின்றி நிற்பர். சிகிரியா மகளிர் பெயரிழந்தமைக்குக் காரணம் காலம். இவ்வீரன் பெயரின்றிப் பிறந்தமைக்குக் காரணம் ஓவியனே.

2022ஆம் ஆண்டு முதல் சொற்களைக் கொடுத்தால் படத்தை ஆக்கித்தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பரவலாயின. மெருகூட்டும் வேலையை அவை சில நொடிகளில் முடித்துவிடுகின்றன. பல ஆண்டுகள் உழைத்து அத்திறனைப் பெற்ற மாணவர் கலங்குவது இயல்பே. தம் இசைவின்றித் தம் ஓவியங்கள் அக்கருவிகளைப் பயிற்றப் பயன்பட்டன என ஓவியர் பலர் முறையிடுகின்றனர்; அது நீதிபற்றிய வினா. அதனோடு தொழில்பற்றிய வினாவும் எழுகின்றது: மெருகு எவருக்கும் எளிதிற் கிடைக்குமாயின், ஓவியனுக்கு எஞ்சுவது யாது?

மேற்கூறிய வரலாறு இதற்கு விடை தருகின்றது. எல்லாளனை ஒரு விளையாட்டின் பாத்திரமாக வரையுமாறு நம் மாணவனைக் கேட்பதாகக் கொள்வோம். அவனை இருண்ட முகில்களின் நடுவே, செங்கண்ணும் முறுக்கிய மீசையுமாய்ப் பகைவனாக வரையலாம். ஒப்பற்ற மாவீரனாக ஒளிவட்டத்தின் நடுவே நிறுத்தலாம். இரண்டும் எளியன, இரண்டையும் கருவி நொடியில் தரும். ஆனால், தன் தலைநகரின் வாயிலில், தான் நாற்பத்து நான்கு ஆண்டுகள் காத்த நீதியோடு, இளையவனான எதிரியை நோக்கி யானையைச் செலுத்தும் முதிய மன்னனை வரைதல் வேறு. அம்முகத்தில் அச்சமோ, அமைதியோ, களைப்போ எது அமையவேண்டும் என்பதை ஓவியன் துணிதல் வேண்டும். அது பல இனத்தவர் வாழும் நாட்டிலே பொறுப்புள்ள துணிபுமாகும். சிங்களம் பேசும் மாணவனும் தமிழ் பேசும் மாணவனும் ஒருங்கே அவ்வோவியத்தின் முன் நிற்கும்போது, இருவரும் அதில் ஒரு மனிதனைக் காணுதல் வேண்டும்.

முடிவுரை

சிகிரியா, தம்புள்ளை, அச்சுக்கூடம், கணினி எனக் கருவிகள் மாறிவந்தன. பாறை சுவராயிற்று, சுவர் தாளாயிற்று, தாள் ஒளித்திரையாயிற்று. உருவச்சித்திரம் விடுக்கும் வினாக்களோ மாறவில்லை: இவர் யார்? இப்பொழுது என் செய்யத் துணிந்துள்ளார்? இவ்வினாக்களுக்கு விடைகண்ட பின்னர் எடுக்கப்படும் தூரிகையே பாத்திரத்தைப் படைக்கும்.

ஆகவே, பாத்திர முகப்போவியம் பயிலும் மாணவர் அயல்நாட்டு முன்மாதிரிகளை ஒதுக்கவேண்டியதில்லை. அவற்றோடு தம் மாவட்டத்துச் சுவர்களையும் கற்றல் வேண்டும். பல்லேகமவிலிருந்து தம்புள்ளை செல்லும் மாணவன், கையில் ஒரு வரைதாட் புத்தகத்தோடு இரண்டாம் குகையில் ஒரு பகலைக் கழிப்பானாயின், அது பல மாதப் பயிற்சிக்கு ஈடாகும். நம் பல்கலைக்கழகங்களின் நுண்கலைத் துறைகளும் தமிழ்த் துறைகளும் இணைந்து, கண்டிக்கால ஓவிய இலக்கணத்தையும் தமிழ்ச் சிற்ப நூல்களின் தாள அளவையையும் இன்றைய மாணவர் கையாளத்தக்க வகையில் எளிய தமிழிற் பாடநூலாக்குமாயின், அது காலத்துக்கேற்ற தொண்டாக அமையும்.